கேரியக்கூ போகும் சரக்குப் படகு

ஏறிவிட்டேன். நாலே எட்டு, ஒரு பலகை, கயிற்றருகே நின்ற ஆள் நீட்டிய கை, அவ்வளவுதான், இருபத்து நான்கு வருடமாக நடக்காத ஒன்று ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் நடந்து முடிந்துவிட்டது, யாரும் கத்தவில்லை, யாரும் கையை எடு என்று சொல்லவில்லை. வெங்காய மூட்டைகளுக்கும் எரிவாயு சிலிண்டர்களுக்கும் நடுவே கிடந்த மரப்பெஞ்சில் ஒரு பெண்மணி மட்டும், மடியில் பெரிய அட்டைப்பெட்டியோடு, என்னைப் பார்த்து "குட் மார்னிங்" என்றார், அதில் வாழ்த்தைவிட அதட்டல் கூடுதல், ஏனென்றால் நான் சொல்லாமல் ஏறிவிட்டேன், இந்த ஊரில் பஸ்ஸில் ஏறினாலும் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு காலை வணக்கம் சொல்ல வேண்டும், ஐந்து நாளாக அதைக் கற்றுக்கொண்டும் என் வாய் இன்னும் பழகவில்லை, தூத்துக்குடி பஸ்ஸில் ஏறி எல்லாருக்கும் வணக்கம் சொன்னால் கண்டக்டர் என்னை இறக்கிவிட்டுவிடுவார். சபூராதான் எனக்கும் சேர்த்துச் சொன்னாள், "குட் மார்னிங், குட் மார்னிங்", இரண்டு தடவை, என் பங்கும் தன் பங்கும். சபூரா காயல்பட்டினம், கனடாவில் ஹாலிஃபாக்ஸில் என்னோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருப்பவள், இந்தப் பயணத்தின் ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்குப் போட்டு வடிவமைத்தவள், பனிக்காலத்தில் ஊருக்குப் போகும் டிக்கெட் விலையில் கால்வாசிக்குக் கரீபியன் தீவு கிரெனடாவே கிடைத்தது என்று ஒரு மாலை கத்திக்கொண்டே எழுந்தவள். சின்ன ரைஸ் குக்கரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தோம், விமான நிலையத்தில் அதைத் திறந்து பார்த்த அதிகாரி உள்ளே இருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன், சபூரா அவருக்குச் செய்முறை சொன்னாள். கிரெனடாவிலிருந்து பக்கத்துத் தீவான கேரியக்கூவுக்குப் போகும் இந்தச் சரக்குப் படகும் அவள் கணக்குதான். "வேகப் படகு ரெண்டு மடங்குளா. ரெண்டு மணி நேரம் முந்திப் போயி அங்க என்ன கலெக்டர் வேலையா பாக்கப்போறோம்? ஒனக்கென்ன, நீ கடல்லயே பொறந்தவ." நான் சிரித்தேன். இப்படித்தான் எப்போதும் சிரித்துவிடுகிறேன்.

கடலில் பிறக்கவில்லை. கடலிலிருந்து நூறு அடி தள்ளி, ஓடு போட்ட வீட்டில், மருத்துவச்சி வர நேரமாகி, பிறந்தேன். அந்த நூறு அடிதான் எல்லாம். எஞ்சின் முதலில் இருமுகிறது, பிறகு பெஞ்சின் வழியாக முதுகுத்தண்டில் ஏறுகிறது, துறைமுகம் மெதுவாகப் பின்னால் போகிறது, குதிரை லாடம் போல வளைந்த துறை, அதைச் சுற்றி மலையில் அடுக்கடுக்காகச் சிவப்புக் கூரைகள், ஒரு வீட்டின் வாசல் இன்னொரு வீட்டின் கூரைக்கு நேராக, எல்லா வீட்டுக்கும் கடல் தெரிய வேண்டும் என்று உட்கார்ந்து பேசி முடிவெடுத்துக் கட்டியது போல. எவ்வளவு அழகான ஊர், இதைப் பார்க்க வேண்டும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீரைப் பார்க்கக் கூடாது. திங்கட்கிழமை பேராசிரியருக்குப் பதில் எழுத வேண்டும். இன்று சனி. ஆறு வாரம், வட அட்லாண்டிக்கில், மீன் கணக்கெடுக்கும் ஆய்வுக் கப்பலில் ஓர் இடம், ஒரே ஓர் இடம், எட்டுப் பேர் கேட்டதில் எனக்கு. விண்ணப்பத்தில் கடல் அனுபவம் உண்டா என்று ஒரு கேள்வி, பக்கத்தில் சின்னக் கட்டம், நான் டிக் செய்யவில்லை, அது சத்தியம், கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஓரத்தில் 'மீனவக் குடும்பம்' என்று மட்டும் எழுதினேன், அதைப் பார்த்த பேராசிரியர் மகிழ்ந்துபோய்த் துறைக் கூட்டத்தில் எழுந்து, நம்மில் இவளுக்கு மட்டும்தான் கால் கடலில் ஊன்றும், மற்றவர்களெல்லாம் புத்தகம் என்றார், எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது எழுந்து சொல்லியிருக்க வேண்டும். ஐயா, நான் படகில் ஏறியதே இல்லை. ஒரு வரி. எழுவதற்குள் கைதட்டல் முடிந்துவிட்டது, அடுத்த ஆள் பேச ஆரம்பித்துவிட்டார், நான் நோட்டைத் திறந்து தேதி எழுதினேன். ஆறு வருடமாக மீனைப் படிக்கிறேன், மீனின் காதெலும்பை வெட்டி அதன் வளையங்களை எண்ணி வயது சொல்வேன், எந்த ஆழத்தில் எந்த மாதத்தில் எத்தனை டன் என்று சொல்வேன், மீன் இருக்கும் இடத்துக்குப் போனதில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் போனதில்லை. அதனால் இந்தப் படகு. சபூராவுக்கு இது பாதி விலைப் படகு, எனக்கு இது பரீட்சை, மூன்றரை மணி நேரம் இதில் தாங்கினால் திங்கட்கிழமை வருகிறேன் என்று எழுதுவேன், தாங்காவிட்டால் உடல்நிலை என்று எழுதுவேன், உடல்நிலை என்று எழுதினால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

ஆனால் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. தீவின் மேற்குக் கரையை ஒட்டியே படகு போகிறது, மலை காற்றை மறைத்துக்கொள்கிறது, தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்தது போல அசையாமல் இருக்கிறது, இதுதானா, இதற்குத்தானா என்று நெஞ்சு கொஞ்சம் துளிர்க்கிறது. கரையில் தென்னை, அதற்கு மேலே கறிப்பலா, அதற்கும் மேலே மேகம் தொட்டுக்கொண்டிருக்கும் கரும்பச்சை, அங்கேதான் ஜாதிக்காய் மரங்கள். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டு முற்றத்தில் மண்ணே தெரியாது, ஜாதிக்காய் ஓட்டைக் கொட்டிப் பரப்பியிருக்கிறார்கள், நடக்கும்போது ஒவ்வொரு எட்டும் நொறுநொறுவென்று, மழை பெய்தால் முற்றமே மணக்கும். நம் ஊரில் அஞ்சறைப்பெட்டியில் ஒன்றே ஒன்று வைத்துக் குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் உரசுவோம், இவர்கள் அதன் மேல் நடக்கிறார்கள், எவ்வளவு பணக்கார நடை. முதல் நாள் காலையில் சங்குச் சத்தம் கேட்டுச் சபூரா பதறி எழுந்து, "யா அல்லா, யாருளா மௌத்தாயிட்டா?" என்றாள், நானும் பயந்துதான் ஜன்னலுக்கு ஓடினேன், பார்த்தால் ஒரு வேன், பின்னால் ஐஸ்பெட்டி, மேலே உட்கார்ந்து ஒருவர் சங்கு ஊதுகிறார், மீன் வந்துவிட்டதாம். வீடுகளிலிருந்து பெண்கள் பாத்திரத்தோடு சிரித்துக்கொண்டே வருகிறார்கள். எங்கள் பக்கம் சங்குக்காக மூழ்கிச் செத்தவர்கள் இருக்கிறார்கள், அதை வெட்டி வளையலாக்கி அனுப்புவோம், ஊதினால் யாரோ செத்தார்கள் என்று பொருள். அதே சங்கு. இங்கே சூரை மீன் வந்துவிட்டது என்கிறது. அன்று நானும் பாத்திரத்தோடு போனேன், ஒரு கிலோ வாங்கினேன், செவுளைத் தூக்கிப் பார்த்தேன், வேன்காரர், "கைக்குத் தெரிஞ்சிருக்கே, எந்தக் கடல்?" என்று கேட்டார், எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கைக்குத் தெரியும். கைக்குக் கரை வரைக்கும்தான் தெரியும். மீனைக் கூறு போடுவோம், ஏலம் கூவுவோம், உப்பு வைப்போம், கருவாடு புரட்டுவோம், வள்ளத்தில் மட்டும் கை படக் கூடாது. சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பதினோரு வயதில் ஒருநாள் அப்பா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டார், நான் மணலில் ஓடினேன், வள்ளத்தை அப்போதுதான் தள்ளிக்கொண்டிருந்தார்கள், தூக்கை நீட்டும்போது அலை ஒன்று வந்து இடற, விழாமல் இருக்க இடது கையால் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துவிட்டேன். லூர்து பெரியப்பா, "ஏ புள்ள, கைய எடு! பொட்டப்புள்ள தொட்டா பாடு கெடைக்குமா?" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வள்ளத்து ஆட்களும் திரும்பினார்கள். அப்பா தூக்கை வாங்கிக்கொண்டார். அன்று பாடு இல்லை. வெறும் வலை. வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாயங்காலம் அப்பா வள்ளத்தைக் கழுவினார், நான் படலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், வாளியில் கடல்தண்ணீர் மோந்து இடது விளிம்பிலிருந்து ஆரம்பித்தார், நான் பிடித்த இடம். தினமும் கழுவுவார்தான். தினமும் எங்கிருந்து ஆரம்பிப்பார்? அதற்கு முன்னால் நான் கவனித்ததில்லை, அதற்குப் பின்னால் பார்க்கப் போனதில்லை. வேறெங்காவது தொடங்கியிருக்கலாம், இடது பக்கம் வசதியாக இருந்திருக்கலாம், காற்று அப்படி இருந்திருக்கலாம். பதின்மூன்று வருடமாக இந்த ஒரு வாளித் தண்ணீரை நான் மறுபடி மறுபடி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"முதல் தடவையா?" என்கிறார் அட்டைப்பெட்டிப் பெண்மணி. அவர் பெயர் வெர்லின், பள்ளிக்கூடச் சமையல்காரர், வாரம் ஒரு தடவை இந்தப் படகில் போய்வருகிறவர், இதையெல்லாம் சபூரா பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டாள், பெட்டிக்குள் இருப்பது கல்யாணக் கேக் என்பதையும், மூன்று தட்டு, ரம்மில் எட்டு மாதம் ஊறிய பழம் போட்டது, கல்யாணம் நாளைக்கு, பெண் இவருடைய மகள், மாப்பிள்ளை கேரியக்கூவில் படகு கட்டுகிறவன். "வேகப் படகுக்காரன் இத ஏத்தமாட்டேன்னுட்டான், அது குதிக்கும். இது ஆடும், குதிக்காது. ஆட்டத்த நான் பாத்துக்குவேன்." பிறகு மறுபடியும் என்னிடம், "முதல் தடவையா?" சபூரா எனக்குப் பதிலாக, "இவளுக்கா? இவ அப்பா மீன் பிடிக்கிறவரு, இவளுக்குக் கடல்னா வீடு" என்கிறாள். வெர்லின் அம்மாவின் கண் என் கைகளுக்குப் போகிறது, இரண்டு கையும் பெஞ்சை எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பார்க்கிறது, "அப்படியா" என்கிறது வாய். இப்போது சொல்லிவிடலாம். சபூராவிடமாவது. சொல்ல வாயைத் திறக்கும்போது மலை முடிந்துவிடுகிறது. அப்படித்தான் அது நடக்கிறது, வலது பக்கம் பச்சையாக இருந்தது திடீரென்று வெறும் வெளிச்சமாகிறது, காற்று ஈரத்துணி போல முகத்தில் அடிக்கிறது, அட்லாண்டிக் முழுவதும் பக்கவாட்டில் வந்து படகைத் தூக்குகிறது, தூக்கி, யோசித்து, விடுகிறது. கயிற்றுக்காரர், "ஜென்னி பக்கம் வந்தாச்சு" என்று கத்துகிறார், இங்கே எங்கோ கடலுக்கு அடியில் ஓர் எரிமலை இருக்கிறது, கிக்-எம்-ஜென்னி என்று பெயர், எரிமலைக்கும் ஒரு பெண்ணின் பெயர்தான், அதன் நேர் மேலே எந்தப் படகும் போகாது, சுற்றித்தான் போக வேண்டும். சபூரா பேச்சை நடுவில் நிறுத்திவிட்டாள், சபூரா பேச்சை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை, முகம் பழுத்த வாழையிலை நிறமாகி, "ரெக்ஸி, எனக்கு என்னமோ செய்யிதுளா" என்று பிளாஸ்டிக் பைக்குள் குனிந்துவிட்டாள், நான் அவள் முதுகைத் தடவுகிறேன், என் வயிறு ஒரு தனிப் பிராணி போல எழுந்து உட்காருகிறது, வேண்டாம், வரக் கூடாது, வந்தால் திங்கட்கிழமை முடிந்தது, எழுத வேண்டிய வரிகூடத் தயாராகிவிட்டது, எதிர்பாராத உடல்நிலைக் காரணங்களால். அப்போது வெர்லின் அம்மா, "புள்ள, இதப் பிடி" என்கிறார். "நானா?" "நேராப் பிடி. மூணு தட்டு." பெட்டி என் மடிக்கு வந்துவிட்டது. அவர் அவசரமே இல்லாமல் கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த காகிதப் பையை எடுத்து, உதறி விரித்து, வாந்தி எடுக்கிறார்.

வாரத்துக்கு ஒரு தடவை போகிறவர். இந்தத் தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து கடப்பவர். அதை யோசிக்க நேரமில்லை, பெட்டி சாய்கிறது, பெஞ்சு எந்தப் பக்கம் சாய்கிறதோ மடியும் அந்தப் பக்கம், மடி சாய்ந்தால் எட்டு மாத ரம்மும் சாயும், ஒரு பெண்ணின் கல்யாணம் சாயும், உட்கார்ந்துகொண்டு இதை நேராக வைக்க முடியாது, எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. இரண்டு கையிலும் பெட்டி, பிடிக்க ஒன்றும் இல்லை, கால் மட்டும்தான். வலது பக்கம் தூக்குகிறது, வலது முழங்கால் மடிகிறது, இடது நீள்கிறது, பெட்டி நேராக நிற்கிறது. விடுகிறது, இடது மடிகிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, முழங்கால்கள் என்னைக் கேட்கவில்லை, அலை வரும் முன்பே பாதத்தின் அடிப்பகுதிக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, ஒவ்வொரு அலைக்கும் ஒரு முன்குறிப்பு இருக்கிறது, பலகையில் ஒரு மெல்லிய நடுக்கம், அதற்குப் பிறகுதான் தூக்கல். கடல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன், கரையிலிருந்து அது ஒரு கோடு, இங்கே அது மேடும் பள்ளமுமாக ஒரு நாடு, ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் வெயில் ஊடுருவிப் பச்சைக் கண்ணாடி போல ஒரு கணம் ஒளிர்கிறது, ஒரு பறக்கும் மீன், பிறகு பத்து, ஒரு கை அரிசியை வீசியது போல, இதற்குத்தானா இவ்வளவு நாள், இதையா அப்பா தினமும் பார்த்துவிட்டு வந்து ஒன்றுமே சொல்லாமல் சோறு சாப்பிட்டார். "நல்லா நிக்கிற" என்கிறார் வெர்லின் அம்மா, வாயைத் துடைத்துக்கொண்டு, பையை முடிந்து கீழே வைத்துவிட்டு, "எங்க விட்டேன்? ஆங், மாப்பிள்ளையோட அம்மா. அவ கேக் செய்யத் தெரியாதவ, ஆனா வாய் மட்டும் மூணு தட்டு" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. "உங்களுக்கு இன்னுமா வருது?" என்று கேட்கிறேன், நான், நானாகவே, முன்பின் தெரியாதவரிடம். "நாப்பது வருசமா" என்கிறார். "வந்தா வந்துட்டுப் போகுது. அதுக்காகக் கல்யாணத்துக்குப் போகாம இருக்கமுடியுமா?" பெட்டியை வாங்கி மூடியைத் தூக்கிப் பார்க்கிறார், மேல் தட்டில் சர்க்கரையில் செய்த வெள்ளைப் பூ ஒன்றும் நகரவில்லை, தலையை ஆட்டுகிறார், கை காலியாகிறது. கை காலியானதும் வயிறு ஞாபகப்படுத்துகிறது. கம்பியைப் பிடித்துக் குனிந்து, காலையில் தின்ற புளிச்சோறு முழுவதையும் அட்லாண்டிக்குக் கொடுத்துவிட்டேன். சபூரா தன் பையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறாள். "நீயுமா? ஏளா, ஒனக்குக் கடல் வீடுல்லா?" "நான் வள்ளத்துலயே ஏறுனதில்லடி" என்கிறேன். சொல்லிவிட்டேன். வாயைத் துடைப்பதற்குள் அதுவும் வந்துவிட்டது. "எப்பவுமா?" "எப்பவுமே." அவள் பையின் வாயை முறுக்கிக் கட்டிவிட்டு, மிகவும் களைத்த குரலில், "இத அங்கயே சொல்லியிருந்தா வேகப் படகுக்குக் காசு கொடுத்திருப்பேனே, சண்டாளி" என்கிறாள்.

தாங்கினேனா, தாங்கவில்லையா. இதை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது. தாங்கினால் போவேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வாந்தி எடுத்தால் தாங்கவில்லை என்று பொருள் என்று யார் சொன்னது, நான்தான் சொன்னேன், எதை வைத்துச் சொன்னேன், அப்பா வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லை, அதை வைத்து. அப்பாவைக் கடலில் பார்த்ததே இல்லையே. தூரத்தில் கேரியக்கூ ஒரு நீல முதுகாகத் தெரிகிறது, அலை இன்னும் விடவில்லை, சபூராவின் போனில் இரண்டு கோடு சிக்னல் வந்திருக்கிறது, இரண்டு பேருக்கும் ஒரே சிம்தான் வாங்கினோம், வீட்டுக்குப் பேசுவதும் இதிலிருந்துதான். மணி ஒன்பதரை, அங்கே இரவு ஏழு, நாளை ஞாயிறு, அப்பா கடலுக்குப் போகமாட்டார், டிவி முன்னால் இருப்பார். அடிக்கிறது. எடுத்துவிட்டார். "சொல்லும்மா. என்ன இது எரைச்சல், பஸ்லயா இருக்க?" "வள்ளத்துலப்பா," என்கிறேன். "பெரிய வள்ளம். சரக்கு ஏத்துறது. நடுக்கடல்ல இருக்கேன்." டிவியில் யாரோ ஒருத்தி அழுகிறாள், பின்னாலிருந்து அம்மா, "எதுல இருக்காளாம்? என்னது?" என்கிறாள், அப்பாவின் மூச்சு மட்டும் வருகிறது. நான் நிறுத்தினால் மறுபடி பேசமாட்டேன் என்று எனக்குத் தெரியும். "அப்பா, மொதல்ல கடலுக்குப் போனப்ப ஒங்களுக்கு வாந்தி வந்துச்சா?" "வந்துச்சாவா?" என்கிறார், ஒரு செருமல், அது சிரிப்பு. "ஒரு வருசம்லா எடுத்தேன். ஒங்க தாத்தா திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரு. வலைய விட்டுறாம எடுல, அப்படிம்பாரு. ஏன், நீ எடுத்தியோ?" "ம்." "எத்தன தடவ?" "ஒண்ணு." "ஒண்ணுதானா" என்கிறார், பிறகு அம்மாவிடம், போனை மூடாமலே, "ஒரு தடவதான் எடுத்தாளாம்." ஆறு வாரம் என்று சொல்கிறேன், கப்பல், வட அட்லாண்டிக், மீன் எண்ணுகிற வேலை, திங்கட்கிழமை பதில் எழுத வேண்டும் என்கிறேன், போகட்டுமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், கேட்டுப் பழகிய வாய், "போறேம்ப்பா" என்று வந்துவிட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன், போகவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரியப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறாரோ. அம்மா ஏதோ சொல்ல வருகிறாள், அப்பா "சும்மா இரி" என்கிறார். பிறகு கேட்கிறார், "காத்து எங்கேருந்து அடிக்கு?"

இதை அப்பா என்னிடம் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்பார், குளிருதா என்று கேட்பார், அம்மாவிடம் என்ன விலை போச்சு என்று கேட்பார், இதை வள்ளத்தில் இருக்கிறவனிடம் கரையில் இருக்கிறவன் கேட்பான், பெரியப்பாவிடம் கேட்பார், அவர் ஒற்றை வார்த்தையில் சொல்வார், அதற்கு மேல் அவர்களுக்குள் பேச்சே தேவைப்படாது. கண்ணை மூடி முகத்தைத் தூக்கிப் பார்க்கிறேன். வெயில் வலது கன்னத்தில், கிழக்கு அது. காற்றும் அங்கிருந்துதான், இல்லை, வெயிலைவிடக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி, மூக்குப் பக்கமாக. கிழக்கே இருந்து வந்தால் கொண்டல், வடக்கே இருந்து வந்தால் வாடை. "கொண்டல்ப்பா" என்கிறேன். "இல்ல, இருங்க. கொஞ்சம் வாடை சேந்திருக்கு." "வாடைக்கொண்டலா" என்கிறார் அப்பா. "அப்ப கரை சேர்ற வரைக்கும் ஆட்டத்தான் செய்யும். கால அகட்டி நில்லு." நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.